இரும்புக்கு ஒரு சாபம்

தாலின்,
நவம்பர் கடைசி

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. மணிக்கட்டுக்கு இன்னும் அந்த எண்ணெய்க் கட்டுதானா? டாக்டரிடம் காட்டு என்று உன்னிடம் சொல்லிப் பிரயோசனமில்லை, தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன். இனி அவள் பாடு, உன் பாடு. அம்மா மறுபடி நடமாட ஆரம்பித்துவிட்டார்கள் என்று படித்ததும்தான் நிம்மதி.

இங்கே மூன்றரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. ஆபீஸ் ஜன்னலில் இருட்டைப் பார்த்தபடியே மதியத் தூக்கம் வருகிறது. பையன் பள்ளிக்கூடப் பாட்டுக் கோஷ்டியில் சேர்ந்துவிட்டான். எஸ்டோனியாவில் பாடவராது என்று சொல்லிக்கொள்வது கொஞ்சம் கூச்சமான காரியம். 1869-இல் தொடங்கிய பாட்டுத் திருவிழா இவர்களுக்கு. ஆயிரக்கணக்கான பேர் ஒரே மேடையில் நின்று பாடுவார்கள். சோவியத் ஆட்சியிலிருந்து விடுபட்ட போராட்டத்துக்கே 'பாடும் புரட்சி' என்றுதான் பெயர்.

கச்சேரியில் மிருதங்கம் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தை எட்டு நிமிஷமாகச் சுருக்கிவிட்டார்கள், அதிலும் பாதிச் சபை கேன்டீனுக்குக் கிளம்பிவிடுகிறது என்று பொருமியிருந்தாய். போன வாரம் நான் கேட்ட கச்சேரியைச் சொல்கிறேன். இதைப் படித்து உனக்கு ஆறுதல் வருமா, கோபம் கூடுமா என்று எனக்கே தெரியவில்லை.

மேடையில் இருபது பாடகர்கள் இருப்பார்கள். ஒரு தாள வாத்தியக்காரர். அவ்வளவுதான். சுருதிப்பெட்டி கிடையாது, பியானோ கிடையாது. ஒருத்தர் கவட்டைபோன்ற சுருதிக்கம்பியைத் தட்டிக் காதருகே வைத்துக்கொள்வார், மெல்ல முனகிக் காட்டுவார், எல்லாரும் அதைப் பிடித்துக்கொள்வார்கள். இடம் நிகுலிஸ்தே என்ற பழைய தேவாலயம். இப்போது வழிபாடு இல்லை. அருங்காட்சியகமும் கச்சேரிக் கூடமுமாக இருக்கிறது. 1944 மார்ச்சில் சோவியத் விமானங்கள் குண்டு போட்டபோது எரிந்து கூடாகிப் போன கட்டடம். அதை எடுத்துக் கட்டி 1984-இல் திறந்தார்கள். உள்ளே ஒரு பக்கத்துச் சிற்றாலயத்தில் பெர்ன்ட் நோட்கே என்ற ஓவியர் பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் வரைந்த சாவு நடனம் இருக்கிறது. ஏழரை மீட்டர் நீளம். போப்பாண்டவர், பேரரசர், பேரரசி, கர்தினால், அரசர் என்று வரிசையாக நிற்க, ஒவ்வொருவர் பக்கத்திலும் ஓர் எலும்புக்கூடு கையைப் பிடித்து இழுக்கிறது. ஓர் எலும்புக்கூடு உட்கார்ந்து பைக்குழல் ஊதுகிறது. குண்டு விழுவதற்கு முன்பே இதை வேறிடத்துக்குக் கொண்டு போயிருந்ததால் பிழைத்தது. கச்சேரிக்குச் சீக்கிரம் போய்விட்டதால் அதன்முன் நிறைய நேரம் நின்றேன். பேரரசி முகத்தில் பயத்தைவிட எரிச்சல்தான் தெரிகிறது.

முதலில் லிவோனியர் பாட்டுகள். வெல்யோ தோர்மிஸ் (1930–2017) என்பவர் இந்த நாட்டின் பெரிய இசையமைப்பாளர். பால்டிக் கரையோரத்தில் தேய்ந்துகொண்டிருந்த சின்னச் சின்ன இனங்களின் பாட்டுகளை எடுத்து, 1970 தொடங்கி ஏறத்தாழ இருபது வருஷம் 'மறந்துபோன மக்கள்' என்று ஒரு பெருந்தொகுப்பு செய்தார். அதில் முதல் பகுதி லிவோனியருடையது. முதல் பாட்டு பறவைகளை எழுப்பும் பாட்டு. குளிர்காலம் முடிந்ததும் போய்ப் பறவைகளைக் கூப்பிடுவார்களாம். பெண் குரல்கள் கீச்சுக் கீச்சென்று ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ள, கீழே ஆண்கள் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனுஷி 2013-இல், நூறு வயதைக் கடந்து, கனடாவில் இறந்துபோனார். அதைத் தெரிந்துகொண்டு கேட்கும்போது கீச்சொலி அவ்வளவு விளையாட்டாக இல்லை.

நடுவில் தாள வாத்தியக்காரருக்குத் தனியாக ஓர் உருப்படி: கிரேக்க இசையமைப்பாளர் ஸெனாகிஸின் 'ரிபான்ட்ஸ்', அதில் இரண்டாம் பகுதி மட்டும். ஐந்து தோல் வாத்தியம், ஐந்து மரக்கட்டை. உன் ஆட்கள் யாராவது கேட்டால் எழுந்து நின்றிருப்பார்கள், கணக்கு அப்படி. ஆனால் கல் கட்டடத்தில் ஓர் அடி ஓய்வதற்குள் அடுத்தது வந்து விழுந்து, பாதிக்கு மேல் எல்லாம் குழைந்துவிட்டது. இடத்துக்குப் பொருந்தாத தேர்வு. கைதட்டல் மட்டும் பலம்! ஸெனாகிஸைப் பற்றி ஒரு விஷயம்: உலகப் போரின் கடைசியில் ஏதென்ஸ் தெருச் சண்டையில் பிரிட்டிஷ் டாங்கி சுட்ட குண்டின் சிதறல் முகத்தில் பாய்ந்து இடது கண் போயிற்று. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்த உருப்படி இரும்பைப் பற்றியது.

தோர்மிஸின் 'இரும்புக்குச் சாபம்', 1972. பாடகர் குழு, இரண்டு தனிக் குரல், ஒரே ஒரு ஷாமன் மேளம், அதாவது மந்திரவாதிப் பூசாரியின் மேளம். வட்டச் சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டியது, பின்பக்கம் திறந்தே இருக்கும். நம் தப்பின் ஜாதி, ஆனால் பெரிது. வாசிக்க ஒரே குச்சி, நுனியில் துணி சுற்றியது. அதுவரை அதை ஒரு மின்சாரச் சூட்டுப் பட்டைமேல் படுக்க வைத்திருந்தார். எடுத்து, உள்ளங்கையைத் தோல்மேல் விரித்து வைத்து, கன்றுக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். விரலால் ஒரு சுண்டு. திருப்தியில்லை. மறுபடி பட்டைமேல் வைத்துவிட்டு, பாடகர்கள் காத்திருக்கிறார்களே என்ற அவசரம் எதுவுமில்லாமல் நின்றார். மார்கழிக் காலைக் கச்சேரிக்கு முன்னால் நீ மிருதங்கத்தின் வலந்தலையோடு மல்லுக்கு நிற்பதை நினைத்துக்கொண்டேன்.

கதை பின்லாந்துக்காரர்களின் காவியமான காலெவாலாவிலிருந்து வருகிறது. கிழவன் வைனமோய்னனுக்குக் கோடாலி பட்டு முழங்காலில் ரத்தம் நிற்கவில்லை. நிறுத்த வேண்டுமென்றால் இரும்பின் பிறப்பைத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றின் பிறப்பைச் சொல்லத் தெரிந்தவனுக்கு அது கட்டுப்படும். வானத்தின் மூன்று கன்னியர் பாலைப் பூமியில் பீய்ச்சுகிறார்கள். கறுப்புப் பால் மெல்லிரும்பு ஆயிற்று, வெள்ளைப் பால் எஃகு, சிவப்புப் பால் நொறுங்கும் இரும்பு. இரும்பு தன் அண்ணன் நெருப்பைப் பார்க்கப் போய், பயந்து ஓடி, சதுப்பு நிலத்தில் ஒளிந்துகொள்கிறது. கொல்லன் இல்மரினன் கண்டுபிடித்து உலையில் இடுகிறான். சகோதரனைக் காயப்படுத்த மாட்டேன் என்று இரும்பு சத்தியம் செய்கிறது. தோய்க்கிற தண்ணீரில் கலக்கத் தேன் கொண்டுவா என்று கொல்லன் தேனீயை அனுப்ப, ஒட்டுக் கேட்ட குளவி பாம்பு விஷத்தைக் கொண்டுவந்து ஊற்றிவிடுகிறது. இரும்புக்கு வெறி ஏறுகிறது. சத்தியம் போயிற்று. வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்குக் கடன் என்று கணக்கு வைத்த ஊர்க்காரர்கள் நாம். இந்த ஊர்க் கொல்லனுக்குச் சத்தியம் வாங்கத் தோன்றியிருக்கிறது.

பழைய வரிகளோடு பவுல்-ஈரிக் ரும்மோ, யான் கப்லின்ஸ்கி என்ற இந்நாட்டுக் கவிஞர்கள் எழுதிய புது வரிகளும் சேர்ந்திருக்கின்றன. அதனால் பாதியில் பீரங்கியும் விமானமும் டாங்கியும் நாபாம் என்ற தீக்குண்டும் வந்து விழுகின்றன. எட்டெட்டு அசையாக, மோனை தட்டத் தட்ட, இரண்டு மூன்று ஸ்வரத்துக்குள்ளேயே சுற்றுகிற பாட்டு. பிறகு கிசுகிசுப்பு, பிறகு கத்தல், விமானத் தாக்குதல் சங்கு மாதிரி மேலே வழுக்கிப் போகும் குரல்கள். அந்தச் சுவருக்குள், அந்தச் சங்கு.

மேளத்துக்கு வருகிறேன். உனக்கு எழுத உட்கார்ந்ததே இதற்குத்தான். பத்து நிமிஷத்தில் முக்கால்வாசி நேரம் ஒரே அடி. தும், தும், தும். எடுப்பு கிடையாது, கோர்வை கிடையாது, மோரா வைத்து முடிக்கிற தீர்மானம் கிடையாது. நான் முதல் இரண்டு நிமிஷம் நம் பழக்கத்தில் காத்துக்கொண்டிருந்தேன்: இதோ பாட்டுக்குப் பதில் சொல்லப் போகிறார், இதோ நடை மாறும் என்று. மாறவில்லை. சாகித்தியத்தை அனுசரித்து வாசிடா என்று உன் வாத்தியார் தலையில் குட்டுவாரே, இந்த மனுஷர் எதையும் அனுசரிக்கவில்லை. தனிக் குரல்காரர் தொண்டை கிழியக் கத்துகிறார், இவர் முகம் திருப்பவில்லை. குளவி வந்தாலும் அதே அடி, டாங்கி வந்தாலும் அதே அடி. வலு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது, அதுவும் எப்போது கூடியது என்று பிடிபடாதபடி.

பக்கவாத்தியம் என்ற எண்ணத்தை விட்டபிறகுதான் அது காதில் சரியாக விழுந்தது. பாடுகிறவர்களுக்குத் துணையாக அது அங்கே இல்லை. சாபம் போடுகிறவன் அழலாம், திட்டலாம், கெஞ்சலாம். எதற்கும் இளகாத ஒன்று எதிரே இருந்தால்தான் அந்தச் சாபத்துக்கு வேலை. அந்த மேளம்தான் இரும்பு என்று எனக்குப் பட்டது. பக்கத்து இருக்கைக் கிழவர் அப்படியில்லை என்றார். மேளம் மந்திரவாதியுடையது, இரும்பை மிதித்து நிறுத்துகிற கால் அது என்பது அவர் கட்சி. ஊர்க்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், ஆனாலும் நான் என் கட்சியை விடவில்லை.

முடிவில் பாட்டு இரும்பை அழித்துவிடவில்லை. நீயும் நானும் ஒரே மண்ணில் பிறந்தவர்கள், ஒரே மண்ணுக்குள் போகப் போகிறவர்கள், இருவருக்கும் இடம் உண்டு என்று அதனிடமே பேசுகிறது. எதிரியைப் பங்காளியாக்கிவிட்டுச் சாபம் எப்படிச் செல்லும் என்று எனக்குப் புரியவில்லை. உனக்குப் புரிந்தால் எழுது.

இன்னொன்றும் எழுது. தா தீ தொம் நம் தவிர வேறெதுவும் கிடையாது என்று வருஷக் கணக்கில் உன்னை உட்கார வைத்தாரே வாத்தியார், அந்தக் கை உனக்கு இன்னும் இருக்கிறதா? பத்து நிமிஷம் ஒரே சொல்லை, வேகம் ஏறாமல், வலுவை மட்டும் ஏற்றிக்கொண்டே போக முடியுமா? இங்கே அந்த மேளக்காரருக்கு முன்கை முழுக்க அசைந்ததே தவிர மணிக்கட்டு கிட்டத்தட்ட அசையவே இல்லை. வலிக்கிற கைக்கு அதில் ஏதாவது வழி இருக்கிறதா என்று யோசித்துப் பார். டாக்டரைப் பார்த்தபிறகு.

ஜனவரி இரண்டாம் வாரம் வருகிறேன். பொங்கலுக்கு ஊரில்தான் இருப்பேன். அம்மாவுக்குக் கம்பளிக் காலுறை வாங்கி வைத்திருக்கிறேன், மார்கழிப் பனி முடிந்துதான் வந்து சேரும், திட்டட்டும். தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன்,
பழைய பெஞ்சுத் தோழன்