ஊமைக்கோட்டானின் ரயில் பேச்சு

அன்புள்ள தேன்மொழி,

பொங்கலுக்கு நீ எழுதிய நீளக் கடிதத்துக்கு இத்தனை நாள் கழித்துப் பதில் போடுகிறேன், திட்ட வேண்டியதைத் திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சௌக்கியம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் ஊமைக்கோட்டான் இப்போதெல்லாம் ரயிலில் முன்பின் தெரியாதவர்களோடு பேசுகிறாள். சிரிக்காதே! விடுதியில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்கக்கூட உன்னை அனுப்பியவள், வார்டனம்மா "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டதற்கும் பதில் சொல்லாதவள், அதே நான்தான். பரிமளா இதை நம்பவே மாட்டேன் என்கிறாள்.

எல்லாம் என் மகளால் வந்தது. சென்னையில் உளவியல் படிக்கிறாள் இல்லையா, போனில் பாடம் எடுக்கிறாள். நிக்கலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்று இரண்டு பேர் சிகாகோவில் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களில் சிலரைப் பக்கத்து ஆளிடம் பேசச் சொல்லியும், சிலரைப் பேசாமல் வரச் சொல்லியும் பார்த்தார்களாம், 2014இல் வந்த ஆய்வு. பேசினால் பயணம் எப்படி இருக்கும் என்று வேறு சில பயணிகளை ஊகிக்கச் சொன்னால், பேசாமல் வருவதுதான் நன்றாக இருக்கும் என்று பொதுவாக நினைத்தார்கள், ஆனால் பேசியவர்களுக்குத்தான் பயணம் நன்றாக இருந்தது. 2018இல் வேறு சிலர் செய்த ஆய்வு இன்னும் எனக்குப் பிடித்தது: பேசி முடித்த பிறகு எதிராளிக்கு நம்மை எவ்வளவு பிடித்தது என்பதை நாம் குறைத்தே நினைத்துக்கொள்கிறோமாம். இதை யாராவது நமக்குப் பதினெட்டு வயதில் சொல்லியிருக்கலாம்.

அப்புறம், முதல் வாக்கியம்தான் பெரிய பாடு. நான் ஏதாவது சின்ன உதவி கேட்டுவிடுவேன், "இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கறீங்களா?" என்று. அடுத்ததை அவர்களே பேசிவிடுகிறார்கள். ஆண்களிடம் மட்டும் நம் பழைய எச்சரிக்கைதான், போன் நம்பர் வரை போனால் வாரப் பத்திரிகையை முகத்துக்கு நேரே விரித்துவிடுவேன்.

ஆனால் தேனு, உட்கார்ந்து யோசித்தால் எனக்கு இருந்தது வெட்கம் மட்டும்தானா என்று சந்தேகமாக இருக்கிறது. எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், அவர் என்ன செய்கிறார் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி "நீங்க என்ன ஆளுங்க?" என்று ஒன்று கேட்பார்களே, அதற்குப் பயந்துதான் முதல் கேள்விக்கே வாயை மூடிக்கொண்டிருந்தேன் போல. நான் ஏன் பயந்தேன் என்று உனக்குத் தெரியும். சிகாகோ ரயிலில் இந்தத் தொல்லை இருந்திருக்காது, அவர்களுக்கு வேறு ஏதாவது இருந்திருக்கும்.

போன வாரம் கோவை எக்ஸ்பிரஸில் அது நடந்தது. எதிரே ஒரு அம்மா, திருப்பூரில் ஏறினார், அருமையான பேச்சு, ஈரோடு போவதற்குள் எனக்கு முறுக்கு கொடுத்து மருமகள் கதை பாதியைச் சொல்லிவிட்டார். சேலம் தாண்டியதும் கேட்டார். எனக்கு அந்தப் பழைய வியர்வை வந்தது. ஆனாலும், "இவ்வளவு நேரம் அது தெரியாமத்தானேம்மா பேசினோம், இனிமே எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். சத்தமாக இல்லை, சிரித்துக்கொண்டுதான். அவர் முகம் சுருங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், முறுக்குப் பொட்டலத்தையும் மடித்து உள்ளே வைத்துவிட்டார் (அது நல்ல முறுக்கு).

முன்பாக இருந்தால் நான் சென்னை வரை கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போல நடித்திருப்பேன். ஜோலார்பேட்டை வந்ததும், "வளைகாப்பு எந்த மாசம்னு சொன்னீங்க?" என்று நானே ஆரம்பித்தேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "வர்ற மாசம்" என்றார். காட்பாடிக்குள் மிச்சக் கதையும் வந்துவிட்டது. அவர் மனசு மாறிவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், எனக்கு என்ன தெரியும்? மருமகளை அவருக்குப் பிடிக்கவில்லை, அது மட்டும் உறுதி.

உன்னிடம் அந்தக் கேள்வி வந்தால் நீ என்ன சொல்வாய்? நீ வாயாடியாச்சே, என்னைவிட நல்ல பதில் வைத்திருப்பாய், எழுது. பரிமளா வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிடு, மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கும் வேலையை என் தலையில் கட்டியிருக்கிறாள்.

அன்புடன்,
வசந்தா