நீலக்கொடியின் கீழ் தண்ணீர் வைத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

அரிசோனா பாலைவனத்தில் எங்கள் சபையார் செய்துவரும் தண்ணீர் ஊழியம் இந்தக் கோடை முழுக்கத் தடையில்லாமல் நடந்தது. அதற்குக் கைகொடுத்தவர்களில் பலர் இங்கே டூசான் நகரத்தில் இருக்கிறார்கள். மற்றவர்கள் பாளையங்கோட்டையிலும் சென்னையிலும் டொரொண்டோவிலும் இருந்துகொண்டு பணமும் ஜெபமும் அனுப்பிய நீங்கள். இங்குள்ளவர்களுக்கு நேரில் நன்றி சொல்லியாயிற்று. நீங்கள் யாரோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்தீர்கள் என்று உங்களுக்கும் தெரிய வேண்டும். அதனால்தான் இந்த மடல்.

மெக்சிகோ எல்லையைத் தாண்டி வருகிறவர்கள் சொனோரா பாலைவனத்தில் நாள்கணக்கில் நடக்கிறார்கள். கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். முழுப் பயணத்துக்கும் வேண்டிய தண்ணீரை ஒரு மனிதர் முதுகில் சுமந்துவர முடியாது. அதனால் டூசான் சபையார் பலர் சேர்ந்து 2000-இல் ஹியூமேன் பார்டர்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 55 கேலன், அதாவது சுமார் 208 லிட்டர் பிடிக்கும் நீலநிற பீப்பாய்களைப் பாதையோரம் வைத்து, தூரத்திலிருந்தே தெரியும்படி உயரமான கம்பத்தில் நீலக்கொடி கட்டினார்கள். நம்மூர்த் தண்ணீர்ப் பந்தல் போலத்தான். ஆனால் இங்கே வைத்தவரும் குடித்தவரும் பெரும்பாலும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை.

ஏன் இப்படிப்பட்ட இடத்தில் நடக்கிறார்கள் என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். 1990-களின் நடுவில் எல்பாசோ, சான்டியேகோ போன்ற நகரங்களை ஒட்டிய எல்லையை அமெரிக்க அரசு இறுக்கி அடைத்தது. மிச்ச இடத்தைப் பாலைவனமே தடுத்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள். வருகிறவர்கள் நிற்கவில்லை, பாதைதான் மாறியது. 2001 மே மாதம் அரிசோனாவின் யூமா நகரப் பக்கத்தில் ஒரே குழுவில் 14 பேர் வெயிலில் செத்துப்போனார்கள். தெற்கு அரிசோனாவில் இதுவரை கண்டெடுக்கப்பட்ட உடல்கள் 4,000-ஐத் தாண்டும். இது தற்செயலாக நடந்ததல்ல என்பதே என் எண்ணம். சாவு வரும் என்று தெரிந்தே அந்தப் பாதையைத் திறந்துவிட்டார்கள்.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

தண்ணீர் லாரியின் பம்பு மக்கர் செய்தபோதெல்லாம் கூலி வாங்காமல் பழுதுபார்த்துக் கொடுத்த மெக்கானிக் அண்ணனுக்கு முதல் நன்றி. அவர் எந்தச் சபைக்கும் போகிறவர் இல்லை, அதைப் பற்றி நாங்கள் கேட்டதும் இல்லை. அதிகாலையில் எழுந்து பீப்பாய்த் தண்ணீரின் குளோரின் அளவைச் சோதித்த ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மாக்களுக்கும் நன்றி. யாரோ பீப்பாயில் கத்தியால் குத்தி ஓட்டை போட்டுவிட்டுப் போனார்கள். அப்போது ஒரு வார்த்தை திட்டாமல் புதுப் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்த கல்லூரிப் பிள்ளைகளை நான் மறக்கமாட்டேன்.

மொழிபெயர்த்தவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். குவாத்தமாலாவிலிருந்து வருகிறவர்கள் எல்லோருக்கும் ஸ்பானிய மொழி தெரியும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மலைக்கிராமங்களிலிருந்து வரும் மாயா மக்கள் பலர் வீட்டில் பேசுவது மாம், கெக்சி போன்ற மொழிகள். ‘தம்பியைக் காணோம்’ என்று போனில் அழும் ஒரு அக்காவிடம் அவர் மொழியிலேயே பேச இங்கே ஒரு பெண் இருந்தார். பகலெல்லாம் ஓட்டலில் பாத்திரம் கழுவிவிட்டு இரவில் அந்த அழைப்புகளை எடுத்தார். அவர் சேகரித்துக் கொடுத்த விவரங்கள், பல் எப்படி இருக்கும், எந்தக் கையில் தழும்பு, என்ன சட்டை போட்டிருந்தார் என்பதெல்லாம், பீமா கவுண்டி பிரேதப் பரிசோதனை அலுவலகத்துக்குப் போயின. எலும்பிலிருந்து ஒரு பெயரைத் தேடி எடுப்பது அங்கே வருடக்கணக்கில் நடக்கும் வேலை. அந்த அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

அப்புறம், எங்களுக்கு முந்தின தலைமுறை. இவர்களைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

1980 ஜூலையில் மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரிலிருந்து தப்பி வந்தவர்களில் 13 பேர் அரிசோனாவின் ஆர்கன் பைப் பாலைவனத்தில் இறந்தார்கள். பிழைத்தவர்களை டூசான் சபைகள் பார்த்துக்கொண்டன. ஏன் ஓடிவந்தீர்கள் என்று கேட்டபோதுதான் அந்த நாட்டில் நடப்பது சபையாருக்குப் புரிந்தது. அதே வருடம் மார்ச் 24 அன்று பேராயர் ஒஸ்கார் ரொமேரோவைப் பலிபீடத்தில் வைத்தே சுட்டுக் கொன்றிருந்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எல் சால்வடார் ராணுவத்துக்கு உதவி அனுப்பாதீர்கள் என்று அவர் அமெரிக்க அதிபர் கார்ட்டருக்குக் கடிதம் எழுதியிருந்தார். உதவி நிற்கவில்லை. டிசம்பரில் நான்கு அமெரிக்க ஊழியக்காரப் பெண்களை அந்நாட்டுத் தேசியக் காவல்படையினர் கொன்றார்கள். 1992-இல் அங்கே உள்நாட்டுப் போர் முடிந்தபோது செத்தவர்கள் சுமார் 75,000 பேர்.

அப்படி ஓடிவந்தவர்களுக்கு அமெரிக்கா அடைக்கலம் தரவில்லை. எல் சால்வடார்க்காரர்கள் 100 பேர் கேட்டால் 3 பேருக்குக்கூடக் கிடைக்காது. தான் ஆயுதம் கொடுக்கும் அரசு சொந்த மக்களைக் கொல்கிறது என்று ஒப்புக்கொள்ள வாஷிங்டனுக்கு மனமில்லை. அப்போது குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த, ஆடு வளர்க்கும் ஜிம் கார்பெட்டும், டூசானின் சவுத்சைடு பிரெஸ்பிட்டேரியன் சபையின் போதகர் ஜான் பைஃபும் ஒரு முடிவெடுத்தார்கள். ரொமேரோவின் இரண்டாம் நினைவு நாளான 1982 மார்ச் 24 அன்று, எங்கள் கோயில் அகதிகளுக்கு அடைக்கலம் என்று பத்திரிகையாளர்கள் முன்னால் சபையார் அறிவித்தார்கள். ஒளித்து வைப்பதைவிட ஊரறியச் சொல்வதே மேல் என்று நினைத்தார்கள். சில ஆண்டுகளில் நாடு முழுக்க நூற்றுக்கணக்கான சபைகளும் யூத ஆலயங்களும் சேர்ந்துகொண்டன.

அரசு சும்மா இருக்கவில்லை. உளவாளிகள் ஒலிப்பதிவுக் கருவியை உடம்பில் மறைத்துக்கொண்டு சபைக் கூட்டங்களில் வந்து உட்கார்ந்தார்கள். 11 பேர் மீது வழக்கு நடந்து 1986-இல் 8 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. யாரையும் சிறைக்கு அனுப்பவில்லை, நன்னடத்தைக் கண்காணிப்போடு விட்டார்கள். அந்த 8 பேரில் என் மனதில் நிற்பவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் நொகாலஸ் நகரத்தைச் சேர்ந்த இருவர். ஒருவர் பங்குத்தந்தை கின்யோனெஸ். அங்குள்ள சிறையில் அடைபட்டிருந்த எல் சால்வடார்க்காரர்களைப் பார்க்கப் போய், அவர்கள் வீட்டுக்குச் செய்தி சொன்னவர். இன்னொருவர் மரியா தெல் சொகோரோ அகிலார் என்ற விதவைத் தாய். தெரியாதவர்களைத் தன் வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டவர். பெரிய பேச்சாளர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இவரை ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். எனக்கோ அந்த இயக்கமே இவர் அடுப்படியில்தான் இருந்தது என்று தோன்றுகிறது.

சபைகளும் திருப்பி வழக்குப் போட்டன. 1991-இல் அரசு சமரசத்துக்கு வந்து, எல் சால்வடார், குவாத்தமாலா மக்கள் லட்சக்கணக்கானோருடைய அடைக்கலக் கோரிக்கைகளைப் புதிதாக விசாரிக்க ஒப்புக்கொண்டது. ரொமேரோவைக் கத்தோலிக்கத் திருச்சபை 2018-இல் புனிதராக அறிவித்தது.

அந்த நாட்களில் கார் ஓட்டியவர்கள், இரவில் கதவைத் திறந்தவர்கள் சிலர் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். தள்ளாத வயதிலும் பீப்பாய்க்கு மூடி பொருத்த வருகிறார்கள். ஐயா, அம்மா, நீங்கள் பசித்தவருக்குச் சோறு போட்டதோடு நிற்கவில்லை. ‘இவர்களைத் துரத்தியதில் நம் நாட்டுப் பணத்துக்கும் துப்பாக்கிக்கும் பங்கு உண்டு’ என்று சொந்த நாட்டின் முகத்துக்கு நேரே சொன்னீர்கள். தருமம் செய்ய நிறைய பேர் உண்டு. அதையும் செய்து இதையும் சொல்ல உங்களுக்குத் தைரியம் இருந்தது. நான் உங்களிடம் கடன்பட்டிருப்பது அதற்காகத்தான்.

இது சட்டப்படி சரியா என்று கவலையோடு கேட்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் ஒரு செய்தி. காபேசா பிரியெட்டா வனவிலங்குக் காப்பகத்தில் தண்ணீர் வைத்ததற்காக, எங்களைப் போலவே பாலைவனத்தில் உதவும் நோ மோர் டெத்ஸ் அமைப்பின் தொண்டர்கள் நான்கு பேரை 2019 ஜனவரியில் குற்றவாளிகள் என்றார்கள். 2020 பிப்ரவரியில் மேல்முறையீட்டில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அதை ரத்துசெய்தார். உயிரைக் காப்பாற்றத் தண்ணீர் வைத்தது அவர்களுடைய விசுவாசத்தின்படி செய்த காரியம், மதச்சுதந்திரச் சட்டம் அதற்குப் பாதுகாப்புத் தருகிறது என்றார். எல்லா இடத்துக்கும் எல்லாக் காலத்துக்கும் இது போதும் என்று நான் சொல்லமாட்டேன். எங்களைப் பொறுத்தவரை அனுமதி உள்ள இடங்களில் மட்டும் பீப்பாய் வைக்கிறோம். கவலையோடு கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பணத்தையும் அனுப்பிவைத்தீர்களே, அதற்கு ரொம்ப நன்றி.

நீங்கள் அனுப்பியதில் செலவு போக மிச்சம் இருக்கிறது. லாரிக்குப் புதுப் பம்பு வாங்கவும் ஓட்டை விழுந்த பீப்பாய்களை மாற்றவும் அது போதும். கணக்கு எழுதிய நோட்டின் நகலைக் கேட்கிறவர்களுக்கு அனுப்புகிறேன். அடுத்த கோடைக்கான வேலை ஏப்ரலிலேயே தொடங்கும். மாம் மொழி தெரிந்த இன்னும் ஒருவர் கிடைக்கும்படி ஜெபித்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு இப்போது பெரிய தேவை அதுதான்.

கர்த்தருக்குள் அன்புடன்,
டூசானிலிருந்து உங்கள் சகோதரி