எந்தக் காத்திருப்பைக் குறைத்தீர்கள்?

தடுப்பூசிக்கு ஒப்புதல் தரும் மருந்து ஒழுங்காற்று அமைப்புகளுக்கும், அதை மக்களிடம் கொண்டு சேர்க்கும் சுகாதார அமைச்சகங்களுக்கும்,

வணக்கம்.

புதிய தடுப்பூசி வரும்போதெல்லாம் இரண்டு குற்றச்சாட்டுகள் உங்கள் வாசலுக்கு வருகின்றன. அவசரப்பட்டு அனுமதித்துவிட்டார்கள் என்கிறது ஒரு தரப்பு. ஆள் சாகும் நேரத்தில் ஃபைல் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்கிறது இன்னொன்று. இரண்டுக்கும் உங்கள் பதில் ஒன்றே: "பாதுகாப்பில் சமரசம் இல்லை." அந்த வாக்கியத்தை வைத்து யாராலும் எதையும் சரிபார்க்க முடியாது. மருத்துவப் பரிசோதனை, புள்ளியியல், மருந்தைக் குளிர் குறையாமல் கொண்டுசெல்லும் குளிர்ச்சங்கிலி, ஊசி போடும் மேசை என இந்த வேலையின் வெவ்வேறு முனைகளில் இருக்கும் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: ஒவ்வொரு ஒப்புதலோடும் ஒரு காலக்கணக்கை வெளியிடுங்கள். எந்தக் காத்திருப்பை நீக்கினீர்கள், எந்தெந்த வேலைகளை ஒரே நேரத்தில் நடத்தினீர்கள், எதைத் தொடவில்லை, எது இன்னும் தெரியாது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

காத்திருப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வரிசையில் நிற்கும் காலம்: நெறிமுறைக் குழு அடுத்த மாதம் கூடும்வரை, அடுத்த கட்டத்துக்குப் பணம் வரும்வரை, முடிவு தெரிந்தபின் உற்பத்திக்கூடம் தயாராகும்வரை. இந்த நாட்களில் யாரும் புதிதாக எதையும் தெரிந்துகொள்வதில்லை. 2020இல் கொரோனா தடுப்பூசிகளுக்காகப் பெருமளவு வெட்டப்பட்டது இதுதான். ஆட்களிடம் சோதிக்கும் இரண்டாம், மூன்றாம் கட்டங்கள் ஒரே பரிசோதனையாக இணைந்தன. தரவு வரவர அதிகாரிகள் படித்தார்கள். பலன் தெரியுமுன்பே உற்பத்தி தொடங்கியது; தோற்றால் கொட்டிவிடலாம் என்ற துணிவு, பெரும்பாலும் அரசுப் பணத்தின் பலத்தில் வந்தது.

இன்னொன்று, உடம்பும் நோயும் எடுத்துக்கொள்ளும் காலம். ஃபைசர்–பயோஎன்டெக் பரிசோதனையில் 43,000க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். தீர்ப்புச் சொன்னது அவர்களில் நோய் கண்ட 170 பேர்தான். போலி மருந்து பெற்றவர்களில் 162, தடுப்பூசி பெற்றவர்களில் 8. அந்த 170 சில மாதங்களில் சேர்ந்ததற்குக் காரணம், நோய் அவ்வளவு வேகமாகப் பரவிக்கொண்டிருந்ததே. பரவல் குறைந்த காலமாக இருந்தால் அதே பரிசோதனை ஆண்டுக்கணக்கில் இழுத்திருக்கும். "இவ்வளவு சீக்கிரம் எப்படி?" என்று கேட்ட மக்களுக்கு இதைப் பொறுமையாக விளக்கியவர்கள் மிகக் குறைவு, அது எங்களுக்குப் பெரிய வருத்தம். பங்கேற்றவர்களில் பாதிப் பேராவது கடைசி டோஸுக்குப் பின் இரண்டு மாதம் கண்காணிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் மருந்து ஒழுங்காற்று அமைப்பான எஃப்டிஏ நிபந்தனை வைத்தது. தடுப்பூசியால் வரும் கெடுதல்கள் பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் தலைகாட்டிவிடும் என்பது அதன் கணக்கு. எத்தனை ஆளைக் கூட்டினாலும் இந்த இரண்டு மாதத்தை ஒரு மாதமாக்க முடியாது.

இந்த இரண்டாம் வகைக் காலத்தில் கைவைத்தவர்களும் உண்டு. ஸ்புட்னிக் வி தடுப்பூசி 2020 ஆகஸ்ட் 11 அன்று, மூன்றாம் கட்டம் தொடங்குமுன்பே ரஷ்யாவில் பதிவானது. அதன் தொடக்கக் கட்டங்களில் பங்கேற்றவர்கள் 76 பேர். கோவாக்சினுக்கு இந்தியா 2021 ஜனவரி 3 அன்று, பலன் பற்றிய முடிவு வருமுன், "மருத்துவப் பரிசோதனை முறையில்" என்ற அடைமொழியோடு அனுமதி தந்தது. பின்னால் மூன்றாம் கட்ட முடிவு 77.8 சதவீதப் பலன் என்று வந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அனுமதி தந்த நாளில் அது யாருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று ஊசி போட்டுக்கொள்ள வந்தவரிடம் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்த அடைமொழி அவருக்கு எதையும் விளக்கவில்லை.

அபூர்வமான பக்கவிளைவுகள் பற்றி இன்னும் நேராகப் பேச வேண்டும். "பரிசோதனையில் அப்படி ஒன்றும் தென்படவில்லை" என்ற வரியை எண்ணாக மாற்ற எளிய வழி இருக்கிறது: மூன்றை, தடுப்பூசி பெற்றவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். 20,000 பேருக்குப் போட்டு ஒருவருக்கும் வரவில்லை என்றால், உண்மையான ஆபத்து சுமார் 6,700 பேருக்கு ஒருவர் என்பதைவிடக் குறைவு என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். அதற்குமேல் ஒன்றும் சொல்ல முடியாது. ஆஸ்ட்ராஜெனெகா தடுப்பூசிக்குப் பின் சிலருக்கு வந்த, தட்டணுக்கள் குறைந்து ரத்தம் உறையும் நோய் இதைவிடப் பலமடங்கு அரிது. மிகப் பெரிய எண்ணிக்கையில் போட்ட பிறகு, 2021 மார்ச்சில்தான் அது பிடிபட்டது. ஒப்புதலுக்கு இன்னும் ஓராண்டு எடுத்திருந்தாலும், அதே அளவுப் பரிசோதனையில் அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 1998இல் அமெரிக்காவில் உரிமம் பெற்ற, ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாஷீல்டு சொட்டு மருந்து, ஏறத்தாழ 10,000 குழந்தைகளில் ஒன்றுக்குக் குடல் செருகலை (குடலின் ஒரு பகுதி இன்னொன்றுக்குள் நுழைந்து அடைத்துக்கொள்வதை) உண்டாக்கியதால் மறு ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. அடுத்து வந்த இரண்டு ரோட்டா வைரஸ் மருந்துகளும் தலா 60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டதற்கு அதுவே காரணம்.

ஆகவே ஒப்புதலுக்குப் பிந்தைய கண்காணிப்பும் ஒப்புதலின் ஒரு பகுதியே. முதல் ஊசி போடுமுன்பே, ஒவ்வொரு வயதிலும் பாலினத்திலும் ஆறு வாரத்தில் வழக்கமாக எத்தனை மாரடைப்பு, எத்தனை முகவாதம், எத்தனை கருச்சிதைவு நேர்கிறது என்ற அடிப்படை எண்களை எடுத்து வையுங்கள். முதியவர்களுக்கு முதலில் போடுகிறீர்கள்; ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் அவர்களில் சிலர் அடுத்த வாரம் இறப்பார்கள். அந்த எண் கையில் இல்லாவிட்டால் வதந்தியை மறுக்கவும் முடியாது, மெய்யான ஆபத்தைப் பிடிக்கவும் முடியாது.

தடுப்பூசிக்கு ஒப்புதல் வேறு, ஒரே தடவையில் தயாராகும் ஒவ்வொரு தொகுதிக்கும், அதாவது பேட்சுக்கு, ஒப்புதல் வேறு. 1955 ஏப்ரல் 12 அன்று சால்க் போலியோ தடுப்பூசியின் கள ஆய்வு முடிவு அறிவிக்கப்பட்டது. அன்றே உரிமம் கையெழுத்தானது. சில வாரங்களில், கட்டர் நிறுவனத்தின் சில பேட்சுகளில் உயிருள்ள வைரஸ் இருந்தது தெரிந்தது. கட்டிகட்டியாக ஒட்டியிருந்த வைரஸுக்குள், அதைக் கொல்லச் சேர்த்த ஃபார்மால்டிஹைடு சரியாகப் புகவில்லை. சுமார் 200 பேருக்குக் கைகால் முடங்கியது, 10 பேர் இறந்தார்கள். கள ஆய்வு பொய் சொல்லவில்லை; தயாரிப்புதான் பிசகியது. உற்பத்தி அளவு கூடும்போதும் வடிகட்டி மாறும்போதும் உள்ளே இருக்கும் பொருளே மாறிவிடக்கூடும். பேட்ச் சோதனை நாட்களைச் சுருக்கச் சொல்லி நெருக்குபவர் யாராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

தாமதமும் ஆளைக் கொல்லும். எம்பாக்ஸுக்கான (குரங்கம்மைக்கான) எம்விஏ-பிஎன் தடுப்பூசிக்கு அமெரிக்கா 2019 செப்டம்பரில் ஒப்புதல் தந்தது. ஐ.நா. அமைப்புகள் வாங்கி விநியோகிக்க வழிசெய்யும், உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதிச் சான்று கிடைத்ததோ 2024 செப்டம்பர் 13 அன்று. நோய் மிக அதிகம் தாக்கிய காங்கோ ஜனநாயகக் குடியரசில் ஊசி போடத் தொடங்கியது அக்டோபர் 5. அந்த ஐந்தாண்டில் பெரும்பகுதி வெறும் வரிசைக் காலம். இதற்கு நேர்மாறாக, உகாண்டாவைப் பாருங்கள். 2022இல் சூடான் வகை எபோலா வந்தபோது, சோதனைத் தடுப்பூசிகள் போய்ச் சேர்வதற்குள் நோயே ஓய்ந்துவிட்டது. 2025 ஜனவரி 30 அன்று அதே நோய் மீண்டும் அறிவிக்கப்பட்டபோது, நான்கே நாளில் பரிசோதனை தொடங்கியது. ஆய்வுத் திட்டமும் அனுமதிகளும் மருந்தும் முன்கூட்டியே தயாராக இருந்தன. வேகத்துக்கு இதுதான் சரியான இடம்: நோய் வருமுன்.

இனி குப்பியைப் பிடித்திருக்கும் கைகளுக்கு வருவோம். ஒப்புதலில் மிச்சம்பிடித்த வாரங்கள் இங்கேதான் கரைகின்றன. ஃபைசரின் முதல் வடிவக் குப்பியில் இருந்தது 0.45 மி.லி. உருகியபின் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, 1.8 மி.லி. சலைன் சேர்த்து, அதே சிரிஞ்சில் 1.8 மி.லி. காற்றை வெளியே இழுக்க வேண்டும். காற்றை எடுக்காவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி மருந்து பீச்சியடிக்கும். மீண்டும் பத்து முறை கவிழ்க்க வேண்டும், குலுக்கக் கூடாது. மொத்தம் 2.25 மி.லி.; ஆறு டோஸுக்குத் தேவை 1.8. மீதி 0.45ஐ ஆறால் வகுத்தால் ஒரு முறைக்கு 0.075 மி.லி. மட்டுமே வீணாகலாம். கழற்றி மாட்டும் ஊசியுள்ள பல சாதாரண சிரிஞ்சுகளில் ஊசியின் அடிப்பகுதியிலேயே கிட்டத்தட்ட அவ்வளவு தங்கிவிடும். ஆறாவது டோஸ் முழுசாக வராது. இரண்டு குப்பிகளின் மீதியைச் சேர்த்து ஒரு டோஸ் ஆக்கவும் கூடாது, அதில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் இல்லை. 2021 ஜனவரியில் குப்பிக்கு ஐந்து டோஸ் என்ற லேபிள் ஆறாக மாறியது, டோஸ் கணக்கும் அதற்கேற்ப மாறியது. ஊசியடியில் மிகக் குறைவாகவே மருந்து தங்கும் சிரிஞ்ச் இல்லாத மையங்கள் ஆறில் ஒன்றைத் தாளில் பெற்று, கையில் இழந்தன. சிரிஞ்ச் ஆர்டர் போடாமல் தடுப்பூசி ஆர்டர் போடாதீர்கள்.

அந்தக் குப்பிக்குக் கலந்தபின் ஆயுள் ஆறு மணி நேரம்தான். மாலை நான்கரைக்கு இரண்டு பேர் வந்து நின்றால் குப்பியைத் திறக்கலாமா? அந்த முடிவைச் செவிலியர் தலையில் கட்டாதீர்கள். "திறக்கலாம், வீணானால் கேள்வி இல்லை" என்று எழுத்தில் கொடுங்கள். அழைத்தால் அரை மணியில் வரக்கூடியவர்களின் காத்திருப்போர் பட்டியலையும் ஒவ்வொரு மையத்திலும் வைக்கச் சொல்லுங்கள்.

குளிர் விஷயத்தில் எல்லோரும் சூட்டுக்கே பயப்படுகிறார்கள். அலுமினிய உப்பு சேர்ந்த தடுப்பூசிகளை, உதாரணமாக ஹெபடைடிஸ் பி, கெடுப்பது பெரும்பாலும் உறைதல். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை வியர்க்க விடாமல் பெட்டியில் அடுக்கினால், பக்கத்தில் இருக்கும் குப்பி உறைந்துபோகும். பார்க்க ஒன்றும் தெரியாது. குப்பி மேல் இருக்கும் நிறம் மாறும் வில்லை வெப்பத்தைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது. பேக்கை ஆட்டிப் பார்த்து, உள்ளே தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்டபிறகே அடுக்க வேண்டும். இதற்கு அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகும். காலை அட்டவணையில் அந்த நேரத்தை ஒதுக்கியிருக்கிறீர்களா?

காலாவதித் தேதியும் காலக்கணக்கில் வரவேண்டும். 2021 டிசம்பரில் மட்டும், நன்கொடையாக வந்த 10 கோடிக்கும் மேற்பட்ட கொரோனா டோஸ்களை ஏழை நாடுகள் ஏற்க மறுத்தன. முக்கியக் காரணம், காலாவதி நெருங்கியிருந்ததே என்று யுனிசெஃப் சொன்னது. "அனுப்பினோம்" என்ற எண்ணை வெளியிடும்போது, "போட்டோம்" என்ற எண்ணையும் மீதமிருந்த ஆயுளையும் பக்கத்திலேயே வெளியிடுங்கள்.

நாங்கள் கேட்கும் காலக்கணக்குக்கு இரண்டு பக்கம் போதும். ஒப்புதலை அறிவிக்கும் அதே நாளில், மக்கள் பேசும் மொழியில் அது வரட்டும். எத்தனை பேர், எத்தனை நாள் கண்காணிப்பு, எவ்வளவு அரிதான ஆபத்துவரை பார்க்க முடிந்தது, கர்ப்பிணிகளும் குழந்தைகளும் சோதனையில் இருந்தார்களா, அடுத்த தரவு எப்போது வரும் என்று எண்களாக எழுதுங்கள். புதிய தகவல் வந்தால் தேதியிட்டுத் திருத்துங்கள். பழைய பதிப்பை அழித்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தடுப்பூசிப் பரிசோதனையிலும் விநியோகத்திலும் பணிபுரிவோர்