செத்துப்போன ஜவான் போட்டோவும் ஓட்டு பேனரும்: தேர்தல் ஆணையத்துக்கு ஒரு மடல்

இந்தியத் தேர்தல் ஆணையத்து ஐயாமாருக்கு வணக்கம்.

2019 மார்ச் 9ஆம் தேதி எல்லாக் கட்சிக்கும் ஒரு லெட்டர் அனுப்புனீங்க. ராணுவம் அரசியலுக்கு அப்பாற்பட்டது, படைவீரங்க போட்டோவ விளம்பரத்துலயும் பிரச்சாரத்துலயும் போடாதீங்கன்னு. அதுல 2013 டிசம்பர் 4ஆம் தேதி இதையே சொல்லி அனுப்புன பழைய லெட்டரையும் ஞாபகப்படுத்துனீங்க. எங்க ஆளுங்க போட்டோவ கட்சிக்காரங்க யூஸ் பண்றாங்கன்னு பாதுகாப்பு அமைச்சகமே உங்க கவனத்துக்குக் கொண்டு வந்ததால நீங்க போட்ட லெட்டர் அது. 2013ல மத்தியில காங்கிரஸ் ஆட்சி, 2019ல பிஜேபி ஆட்சி, அதனால நான் எழுதுறத ஏதோ ஒரு கட்சி மேல உள்ள கோவம்னு யாரும் எடுத்துக்க வேண்டாம், ஃப்ளெக்ஸ் கடைக்காரன் எனக்கு எல்லா கட்சிக்காரங்களும் பாக்கி வச்சிருக்காங்க.

லெட்டர் போட்டது சரி, அதுக்கப்புறம் நடந்ததுதான் சரியில்ல.

முதல்ல அந்த லெட்டருக்கு முந்தி நடந்தது. 2019 பிப்ரவரி 14 அன்னைக்கு காஷ்மீர்ல புல்வாமா மாவட்டம் லெத்போரா கிட்ட, ஜம்மு-ஸ்ரீநகர் ரோட்டுல போய்ட்டிருந்த சிஆர்பிஎஃப் (மத்திய அரசோட துணை ராணுவப் படை) பஸ் மேல வெடிமருந்து ஏத்துன கார கொண்டாந்து மோதுனதுல 40 பேர் செத்தாங்க. அதுல ரெண்டு பேர் தமிழ்நாடு, ஒருத்தர் எங்க தூத்துக்குடி மாவட்டம், இன்னொருத்தர் அரியலூர். 26ஆம் தேதி விடியுறதுக்கு முன்னாடி நம்ம விமானப்படை பாகிஸ்தான்ல இருக்குற பாலகோட்ல குண்டு போட்டுச்சு, அன்னைக்கே ராஜஸ்தான் சூரு ஊர்ல பிரதமர் மோடி பேசுன மேடையில பின்னாடி பேனர் முழுக்க அந்த ஜவான்கள் போட்டோ. மறுநாள் கர்நாடக பிஜேபி தலைவர் எடியூரப்பா, இந்த பாலகோட் தாக்குதலால கர்நாடகாவுல 28ல 22 சீட்டுக்கு மேல ஜெயிக்க முடியும்னு வெளிப்படையாவே சொன்னாரு, அப்புறம் நான் சொன்னத திரிச்சிட்டாங்கன்னாரு. மனசுல இருந்தத சொன்னதுக்கு அவர மட்டும் திட்டி என்ன பண்ண, மத்தவங்க சொல்லாம செஞ்சாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் ஏப்ரல் 9, மகாராஷ்டிரா லாத்தூர் கூட்டம். முதல் தடவ ஓட்டு போடுற பிள்ளைங்கள பாத்து, உங்க முதல் ஓட்ட பாலகோட் தாக்குதல் நடத்துன வீரங்களுக்கும் புல்வாமாவுல உயிர விட்டவங்களுக்கும் சமர்ப்பிப்பீங்களான்னு பிரதமர் கேட்டாரு. உங்க லெட்டர் போயி சரியா ஒரு மாசம். புகார் வந்துச்சு. தப்பில்லன்னு நீங்க முடிவு சொன்னது மே 1ஆம் தேதி, லாத்தூர்ல ஓட்டுப்பதிவு முடிஞ்சது ஏப்ரல் 18, எங்களுக்கும் அதே நாள்தான். ஏழு கட்டத்துல நாலு கட்டம் முடிஞ்சதுக்கு அப்புறம் வர்ற தீர்ப்ப வச்சு யாரு என்ன பண்ண முடியும்? மூணு கமிஷனர்ல ஒருத்தர், அசோக் லவாசா, இதுக்கு ஒத்துக்கல. அவர் என்ன எழுதுனாருன்னு ஆர்டிஐல (தகவல் அறியும் சட்டத்துல) கேட்டதுக்கு, வெளியிட்டா ஒருத்தர் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வரலாம்னு காரணம் சொல்லி மறுத்துட்டீங்க. ஒரு பேச்சு விதிய மீறுச்சா இல்லையான்னு எழுதுன நாலு வரி, அதுல யாரு உயிருக்கு என்ன ஆபத்துங்கறது எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல.

நான் ஃப்ளெக்ஸ், நோட்டீஸ் அடிக்கிற கடை வச்சிருக்கேன், அதனால இதெல்லாம் டிவில மட்டும் பாத்தவன் இல்ல. அந்த பிப்ரவரில ஒரு வாரம் முழுக்க அஞ்சலி பேனர்தான். பத்துக்கு எட்டு சைஸ். ஜவானோட போட்டோ வாட்ஸ்அப்ல பத்து கை மாறி வந்தது, யூனிஃபார்ம்ல எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பெருசாக்குனா கண்ணும் மூக்கும் கலங்கிப் போகும், அதனால டிசைன்ல அவர் மூஞ்சி சின்னதாத்தான் வைக்க முடியும். தலைவருங்க போட்டோ மட்டும் ஸ்டூடியோல எடுத்து நல்ல ரெசல்யூஷன்ல ரெடியா இருக்கும், அது தானா பெருசாயிடும். கீழ வட்டம், கிளை, இளைஞரணின்னு கைகூப்புன பன்னெண்டு பேரு. தூரத்துல நின்னு பாத்தா யாருக்கு அஞ்சலின்னே தெரியாது. நம்ம ஊர்ல காதுகுத்து பேனர்லயும் இந்தக் கூத்து உண்டுங்கறதால நான் பெருசா எடுத்துக்கல.

ஆனா மார்ச் கடைசில ஒருத்தர் வந்தாரு. கட்சி பேர் வேண்டாம். "அந்த ஜவான் டிசைன் இருக்கும்லா, அதுல கண்ணீர் அஞ்சலிய தூக்கிட்டு நம்ம சின்னத்த வைங்க, கீழ வேட்பாளர் போட்டோ"ன்னாரு. "அவங்க வீட்ல கேட்டீங்களா அண்ணாச்சி?"ன்னேன். "இதுல கேக்கதுக்கு என்ன இருக்கு, அவரு நாட்டுக்கே சொந்தம்லா"ன்னாரு. நான் முடியாதுன்னுட்டேன், இதுல பெரிய வீரம் ஒண்ணும் இல்ல, பழைய பாக்கியே வராம கிடந்துச்சு. மூணாம் நாள் அதே பேனர் வேற எங்கயோ அடிச்சு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல நின்னுச்சு.

அந்த பேனர்ல கீழ மூலையில அச்சகத்து பேரு ஒழுங்கா இருந்துச்சு. ஏன்னா அது இல்லன்னா மக்கள் பிரதிநிதித்துவ சட்டம் 127ஏ பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இல்ல 2,000 ரூபா வரைக்கும் ஃபைன், இல்ல ரெண்டும். ஒவ்வொரு தேர்தலுக்கும் கலெக்டர் ஆபீஸ்ல எங்கள கூப்பிட்டு உக்கார வச்சு, அடிச்சவன் பேரு, அடிக்கச் சொன்னவன் பேரு, எத்தன காப்பி, ரெண்டு சாட்சி கையெழுத்துன்னு வகுப்பு எடுக்குறாங்க. மூலையில எறும்பு மாதிரி இருக்குற எழுத்துக்கு சட்டம் இருக்கு, நடுவுல இருக்குற செத்தவன் மூஞ்சிக்கு வெறும் அறிவுரை கடிதம். இதத்தான் கேக்குறேன், வேற ஒண்ணும் இல்ல.

போட்டோதானே, அதனால என்ன கெட்டுப்போச்சுன்னு கேக்கலாம். கெட்டது என்னன்னா, அந்தப் போட்டோ கட்சி மேடைக்குப் போனதும் அவங்க எப்படி செத்தாங்கன்னு கேக்க முடியாமப் போச்சு. பனி கொட்டி ரோடு மூடிக் கிடந்து திறந்ததும் 78 வண்டில சுமார் 2,500 பேர ஒரே கான்வாயா ஏன் அனுப்புனாங்க? கேட்டா ராணுவத்த சந்தேகப்படுறான், பாகிஸ்தானுக்கு போன்னு பதில். ஆனா தாக்குதல் நடந்த ஒரே வாரத்துல, பிப்ரவரி 21ஆம் தேதி, சாதாரண கான்ஸ்டபிள் வரைக்கும் ஸ்ரீநகருக்கு விமானத்துல போகலாம்னு உள்துறையே ஆர்டர் போட்டுச்சு. அப்ப காஷ்மீர் கவர்னரா இருந்த சத்யபால் மாலிக் 2023ல, சிஆர்பிஎஃப் விமானம் கேட்டுச்சு, உள்துறை குடுக்கல, நான் சொன்னதுக்கு வாய மூடிக்கச் சொன்னாங்கன்னு பேட்டி குடுத்தாரு. அவர் சொன்னது முழுக்க உண்மையான்னு விசாரிக்கத்தான் வேணும், ஆனா அந்தக் கேள்வி தேர்தலுக்கு முன்னாடி வந்திருக்க வேண்டியது இல்லையா?

இன்னொன்னும் இருக்கு. பிப்ரவரி 27ஆம் தேதி, நம்ம விமானி அபிநந்தன் பாகிஸ்தான்கிட்ட பிடிபட்ட அதே நாள் காலையில, காஷ்மீர் பட்காம்ல நம்ம விமானப்படையோட எம்ஐ-17 ஹெலிகாப்டர் விழுந்து விமானப்படைக்காரங்க ஆறு பேரும் கீழ இருந்த ஊர்க்காரர் ஒருத்தரும் செத்தாங்க. சுட்டது நம்ம ஏவுகணை. அத "பெரிய தப்பு"ன்னு விமானப்படைத் தளபதி ஒத்துக்கிட்டது அக்டோபர் 4ஆம் தேதி, தேர்தல் ரிசல்ட் வந்து நாலு மாசத்துக்கு மேல கழிச்சு. அந்த ஆறு பேரும் நாட்டுக்காகத்தான் யூனிஃபார்ம் போட்டாங்க. அவங்களுக்கு பேனர் அடிக்கச் சொல்லி என் கடைக்கு ஒருத்தர் வரல. எதிரி கையால செத்தாத்தான் ஓட்டு விழும் போல.

சிஆர்பிஎஃப்காரங்க உயிரோட இருக்கும்போது என்ன கேக்குறாங்கன்னும் பாருங்க. 2004 ஜனவரிக்கு அப்புறம் வேலைக்குச் சேந்தவங்களுக்கு ராணுவத்துக்கு இருக்குற மாதிரி பழைய பென்ஷன் கிடையாது. 2023 ஜனவரில டெல்லி ஹைகோர்ட்டு குடுங்கன்னு சொல்லுச்சு, மத்திய அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் ஸ்டே வாங்கிட்டு. இது உங்க வேலை இல்லன்னு தெரியும். பேனர்ல அவங்கள சாமியாக்குற ஆளுங்க இதப் பத்தி எந்தக் கூட்டத்துலயாவது பேசுனாங்களான்னு கேட்டு வச்சேன்.

2019 ஏப்ரல்ல நூத்தம்பதுக்கு மேல முன்னாள் ராணுவத்தாரு பேர்ல ஜனாதிபதிக்கே லெட்டர் போச்சு, எங்களக் கட்சி விஷயத்துக்கு இழுக்காதீங்கன்னு. ராணுவத்த மோடிஜியோட சேனைன்னு உ.பி. முதல்வர் யோகி ஆதித்யநாத் பேசுனதெல்லாம் அதுல இருந்துச்சு. உடனே நாங்க கையெழுத்தே போடலன்னு ரெண்டு மூணு முன்னாள் தளபதிங்க சொல்ல, பேச்சு முழுக்க யாரு கையெழுத்து உண்மைங்கறதுலயே போச்சு, விஷயம் அந்தரத்துல நின்னுடுச்சு. யோகிக்கு நீங்க சொன்னது, இனிமே ஜாக்கிரதையா பேசுங்கன்னு.

அஞ்சலி செலுத்துறத யாரும் தடுக்க வேண்டாம். கட்சிக்காரரும் மனுஷன்தான், அவருக்கும் அழுக வரும். சின்னமோ வேட்பாளர் பேரோ ஓட்டு கேக்குற வரியோ இருக்குற பேனர்ல, வீடியோவுல, மேடையில படைவீரர் போட்டோவும் அவங்க சாவும் வரக்கூடாதுன்னு லெட்டரா இல்லாம நடத்தை விதியிலயே எழுதுங்க, மீறுனா என்ன தண்டனைங்கறதையும் சேத்து. துணை ராணுவமும் அதுல அடங்கும்னு தெளிவா போடுங்க, இல்லன்னா சிஆர்பிஎஃப் ராணுவமே இல்லன்னு ஒரு வக்கீல் வந்து நிப்பாரு. புகார் வந்தா அந்தத் தொகுதில ஓட்டுப்பதிவுக்கு முன்னாடி முடிவு சொல்லுங்க, நாப்பத்தெட்டு மணி நேரம் போதும், பேச்சு முழுக்க யூடியூப்ல கிடக்கு. கமிஷனர்ல யாராவது ஒத்துக்கலன்னா அவர் எழுதுனதையும் தீர்ப்போட சேத்து வெளியிடுங்க, 2019ல எழுதுனதுல இருந்தே ஆரம்பிக்கலாம்.

இப்படிக்கு,
தூத்துக்குடி மாவட்டத்துல இருந்து ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்காரன்