குஷனும் இல்ல கோணியும் இல்ல, அது கரடிதான்டா

டேய் மாப்ள,

லெட்டர் வந்து பத்து நாள் ஆச்சு, கோவிச்சுக்காத. அம்மாவுக்கு கண்ணு ஆபரேஷன், சொட்டு மருந்து விடுற டூட்டி எனக்கு. இப்ப சீரியல் வில்லிக்கு மேக்கப் ஜாஸ்தின்னு சொல்ற அளவுக்கு பார்வை தெளிஞ்சிருச்சு.

சைனாலருந்து டெடி பொம்மை இறக்கப் போறேன், கஸ்டம்ஸ்ல என்ன பொருள்னு காட்டணும், முதுகுல பாக்கெட் இருந்தா பைன்னு ஆகுமான்னு கேட்டிருந்தியே, அதுக்கு வரேன். பஞ்சு அடைச்ச கரடின்னா 9503, கஸ்டம்ஸ் லிஸ்ட்ல பொம்மைக்கான ஹெடிங் நம்பர், இதுல யோசிக்கவே ஒண்ணும் இல்ல. முன்னாடி இறக்குமதி டூட்டி 20 பர்சென்ட், 2020 பட்ஜெட்ல 60 ஆக்குனாங்க, 2023ல 70, அதுக்கு மேல ஜிஎஸ்டி. அதான் உன் புரோக்கர் "குஷன்னு போட்ரலாம் சார்"னு இளிக்கிறான், குஷன், மெத்தைக்கான 9404ல போனா டூட்டி பாதி கூட வராதே. ஆனா பேர் வச்சா பொருள் மாறிடாதுடா. கரடி மூஞ்சி போட்ட ஸ்கூல் பேக், தோள்ல மாட்ட வார், ஜிப்ப தொறந்தா நோட்டு போகுதுன்னா அது பைக்கான 4202, அந்த மாதிரி பையெல்லாம் இங்க வராதுன்னு பொம்மைங்க இருக்கற 95வது சாப்டர் நோட்லயே இருக்கு. உள்ள முழுக்க பஞ்சு, முதுகுல பேருக்கு ஒரு குட்டி பாக்கெட், அப்படின்னா நான் பொம்மைன்னுதான் சொல்லுவேன். இன்னொரு கூத்து கேளு, நாய் கடிக்கறதுக்குன்னே செஞ்ச பஞ்சு பொம்மை 9503 கிடையாது, மனுஷன் விளையாடுறதுக்கு மட்டும்தான் அந்த ஹெடிங்காம்.

அமெரிக்கால இத விட பெரிய காமெடி. அப்ப அங்க மனுஷ உருவம்னா டால், 12 பர்சென்ட், மத்ததெல்லாம் டாய், 6.8. டாய் பிஸ்னு ஒரு கம்பெனி, எக்ஸ்மென்னு காமிக்ஸ்ல வர்ற விசித்திர சக்தி ஹீரோங்க பொம்மைய இறக்குனவங்க, டூட்டி கொறையணும்னு இந்த ஹீரோங்க மனுஷங்களே இல்லன்னு கேஸ் போட்டாங்க. 2003ல ஜூடித் பார்சிலேன்னு ஜட்ஜம்மா, அதுல ஒருத்தனான வால்வரினோட நகத்தையெல்லாம் பாத்துட்டு, ஆமா மனுஷன் இல்லன்னு தீர்ப்பு குடுத்தாங்க. எங்களையும் மனுஷனா பாருங்கன்னு கதை பூரா கெஞ்சுற கூட்டம்டா அது, ரசிகனுங்க கொதிச்சுட்டானுங்க. 2007ல ஹெச்எஸ் கோடு, அதான் இந்த நம்பரெல்லாம் வர்ற சர்வதேச லிஸ்ட், அத மாத்தி டால், டாய் எல்லாத்தையும் ஒரே 9503ல போட்டதோட அந்த சண்டை முடிஞ்சுது.

டாய் பிஸ்காரங்க ஒளிவு மறைவில்லாம கோர்ட்ல போய் வாதாடுனாங்க. உன் புரோக்கர் பில் ஆஃப் என்ட்ரிலயே, அதான் என்ன சரக்குன்னு கஸ்டம்ஸுக்கு குடுக்கற பேப்பர்லயே, பொய் எழுத சொல்றான். இப்ப ஃபேஸ்லெஸ் அசெஸ்மென்ட், பேப்பர் பாக்கற ஆபீசர் வேற ஊர்லதான் உக்காந்திருப்பாரு, யாரு பாக்க போறான்னுவான். ஹார்பர்ல பெட்டிய தொறந்தா ரெண்டு காது ஒரு மூக்கோட கரடி சிரிக்கும்டா. அப்புறம் கஸ்டம்ஸ் சட்டம் 111(எம்), சரக்கு கான்ஃபிஸ்கேட், மேல பெனால்டி, அதுவரைக்கும் பெட்டி ஹார்பர்ல கெடக்கறதுக்கு டெமரேஜ் வாடகை வேற ஓடும். புரோக்கர் போன எடுக்க மாட்டான், பில்லுல இருக்கறது உன் பேரு.

டூட்டிய கூட கட்டிடலாம், உன்னய நிறுத்த போறது பிஐஎஸ், ஐஎஸ்ஐ மார்க் குடுக்கற கவர்மென்ட் அமைப்பு. 2021 ஜனவரி 1லருந்து 14 வயசுக்கு உள்ள பசங்க பொம்மைக்கு ஐஎஸ்ஐ மார்க் கட்டாயம், லைசென்ஸ் சைனா ஃபேக்டரி பேர்ல இருக்கணும், நீ இங்க வந்து ஸ்டிக்கர் ஒட்ட முடியாது. மொதல்ல அந்த ஃபேக்டரிக்காரன்கிட்ட லைசென்ஸ் காப்பி கேளு, குடுத்தா மேல பேசுவோம். அட்வான்ஸ் மட்டும் அனுப்பி தொலைச்சிராத.

பொண்ணு அடுத்த வாரம் ஹாஸ்டல் போறா. பெட்டில மொதல்ல ஏறுனது அவ பழைய கரடிதான், காத நான் ரெண்டு தடவ தச்சிருக்கேன். நைட்டு அதுல தலை வச்சுதான் தூங்குறா. உன் புரோக்கர்கிட்ட சொல்லிடாத.