பிள்ளை தன்னைக் காயப்படுத்திக்கொள்வது தெரிந்தால்: 8 முதல் 12-ஆம் வகுப்பு மாணவர்களின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் இந்த வாரம் வீட்டுக்கு வருகின்றன. மதிப்பெண் பற்றிப் பேசப் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. இந்தக் கடிதம் அந்தக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பேசக் கூச்சப்படுகிற விஷயத்துக்காக. பிள்ளைகள் தங்கள் உடம்பைத் தாங்களே காயப்படுத்திக்கொள்கிறார்கள். கையில் கீறிக்கொள்வது, சூடு வைத்துக்கொள்வது, சுவரில் ஓங்கிக் குத்துவது என்று பல விதமாக நடக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், வளரிளம் பருவத்தில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவர் ஒரு முறையாவது இதைச் செய்திருக்கிறார். பெரும்பாலும் 12 முதல் 14 வயதுக்குள் தொடங்குகிறது. நன்றாகப் படிக்கிற பிள்ளை, அமைதியான பிள்ளை, வசதியான வீட்டுப் பிள்ளை என்று யாருக்கும் விலக்கு இல்லை. ஆண் பிள்ளைகளும் செய்கிறார்கள். சுவரில் குத்திக் கை வீங்கி வந்தால் 'கோபக்காரன்' என்று சொல்லிவிட்டு விட்டுவிடுகிறோம்.

ஏன் செய்கிறார்கள்? மனதுக்குள் தாங்க முடியாத இறுக்கம் ஏறும்போது, உடம்பில் ஏற்படும் வலி அதைச் சில நிமிடங்களுக்குத் தணிக்கிறது. சிலருக்கு எதுவுமே உணர முடியாமல் மரத்துப்போனதுபோல் இருக்கும்; வலி அதை உடைக்கிறது. பிறகு வெட்கமும் குற்ற உணர்வும் வந்து சேர்கின்றன, இறுக்கம் மறுபடி ஏறுகிறது, கை மறுபடி அங்கேயே போகிறது. பழக்கமாவது இப்படித்தான். அதனால்தான் 'இனிமேல் செய்ய மாட்டேன்னு என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணு' என்பது பலிப்பதில்லை. சத்தியத்தைக் காப்பாற்ற முடியாத பிள்ளை அடுத்த முறை அதை ஒளிக்கக் கற்றுக்கொள்ளும்.

'எல்லாம் நம்ம கவனத்தை இழுக்கத்தான்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. பெரும்பாலான பிள்ளைகள் இதை மாதக்கணக்கில் மறைத்தே வைக்கிறார்கள். யாரோ ஒருவர் கவனிக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை ஏங்கினாலும், அந்த ஏக்கத்துக்கும் காரணம் இருக்குமே. இன்னொரு பக்கம், 'சாகணும்னு இல்லையே, சும்மாதான்' என்று ஆறுதல் அடைவதும் ஆபத்து. செய்யும் நேரத்தில் பலருக்கும் சாகும் எண்ணம் இருப்பதில்லை, உண்மைதான். ஆனால் திரும்பத் திரும்பக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைக்குப் பின்னாளில் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். காயம் சின்னதா பெரிதா என்பதை வைத்து மனதின் பாரத்தை அளக்க முடியாது.

மதிப்பெண் ஒன்றே காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். வகுப்புத் தோழர்கள் கேலி செய்வது, வாட்ஸ்அப் குழுவில் அவமானப்படுத்துவது, நட்போ காதலோ முறிந்தது, வீட்டில் குடியும் சண்டையும், சாதியோ உடல் தோற்றமோ சொல்லி ஒதுக்குவது எல்லாம் காரணமாகலாம். சில நேரம் உறவினரோ தெரிந்தவரோ செய்யும் பாலியல் தொல்லையின் வெளி அடையாளமாகவும் இது இருக்கும். அப்படி ஒரு வார்த்தை பிள்ளையின் வாயிலிருந்து வந்தால் நம்புங்கள், குடும்ப மானம் பார்த்து மூடாதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, அது தெரிந்தவர் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்: சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை, விளையாட்டு வகுப்புக்குத் தொடர்ந்து வராமை, அடிக்கடி 'பூனை கீறிடுச்சு' என்கிற பதில், குளியலறையில் நெடுநேரம், துணியில் இரத்தக் கறை, தூக்கம் குலைவது, பிடித்த வேலைகளைக் கைவிடுவது. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் அர்த்தம் இல்லாமலும் போகலாம். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் பேசுங்கள்.

அந்த முதல் பேச்சுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். நீங்கள் அன்று நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்துத்தான், அடுத்த முறை உங்களிடம் வரலாமா என்று பிள்ளை முடிவு செய்கிறது. தெரிந்த நிமிடமே பேச வேண்டும் என்று இல்லை. இரத்தம் நிற்காமல் இருந்தாலோ, எதையாவது விழுங்கியிருந்தாலோ தவிர. முதலில் நீங்கள் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள், உங்கள் கை நடுக்கம் அடங்கட்டும். எதிரெதிரே உட்காரவைத்து விசாரிப்பதைவிட, வண்டியில் போகும்போதோ, தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடக்கும்போதோ, பாத்திரம் துடைக்கும்போதோ பக்கத்தில் இருந்து பேசுவது பிள்ளைக்கு எளிது. 'கண்ணு, உன் கையைப் பார்த்தேன். எனக்குக் கோபம் இல்ல. உள்ள எவ்வளவு கஷ்டமா இருந்தா இப்படிச் செய்யத் தோணியிருக்கும்? சொல்லணும்னு தோணும்போது சொல்லு, நான் இருக்கேன்' என்பது போதும். பிறகு பேசாமல் இருங்கள். பதில் வர இரண்டு நாள்கூட ஆகலாம்.

ஒரு கேள்வியை மட்டும் நேராகவே கேளுங்கள்: 'செத்துடலாம்னு தோணுதா?' கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்டபின் பல பிள்ளைகளுக்கு நெஞ்சு லேசாகிறது. 'ஆமாம்' என்று பதில் வந்தால், எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாயா என்பதையும் கேளுங்கள். யோசித்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, அதுவரை பிள்ளையைத் தனியாக விடவே கூடாது.

செய்யக் கூடாதவை: அடிப்பது, சட்டையைக் கழற்றச் சொல்லிச் சோதிப்பது, 'நீ இப்படிச் செஞ்சா நான் செத்துடுவேன்' என்று அழுவது, அத்தை சித்தப்பா எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்வது. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கும் அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீடியோ காலில் 'கையைக் காட்டு' என்று தினமும் கேட்காதீர்கள். வழக்கம்போல் பேசுங்கள், கொஞ்சம் கூடுதல் நேரம் பேசுங்கள். போனை ஒரேயடியாகப் பிடுங்குவதும் வேண்டாம்; பிள்ளை மனம்விட்டுப் பேசும் ஒரே தோழியோ தோழனோ அதில்தான் இருக்கக்கூடும். கோயிலுக்கோ தர்காவுக்கோ மாதா கோயிலுக்கோ கூட்டிப்போவது உங்கள் நம்பிக்கை, தாராளமாகப் போங்கள். ஆனால் மருத்துவருக்குப் பதிலாகப் போகாதீர்கள்.

புதுக் காயம் இருந்தால் திட்டிக்கொண்டே கட்டுப் போடாதீர்கள். சுத்தமான துணியால் விடாமல் 10 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். பிறகு குழாய்த் தண்ணீரில் கழுவிக் கட்டுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள், சாம்பல் எதுவும் வேண்டாம். 10 நிமிடத்துக்குப் பிறகும் இரத்தம் நிற்கவில்லை, காயம் வாய் பிளந்திருக்கிறது, விரல் மரத்துப்போகிறது என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். 10, 16 வயதில் போட வேண்டிய டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டாயிற்றா என்றும் பாருங்கள். தீக்காயமாக இருந்தால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, இங்க் தடவக் கூடாது. மாத்திரையோ மருந்தோ விழுங்கியிருந்தால், பிள்ளை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். சில மருந்துகளின் பாதிப்பு ஓரிரு நாள் கழித்தே வெளியே தெரியும், அப்போது காலம் கடந்திருக்கும். உப்புத் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். அட்டையையோ பாட்டிலையோ கையோடு எடுத்துப்போங்கள்.

வீட்டில் இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. தாத்தா பாட்டியின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள், காய்ச்சல் மாத்திரை அட்டைகள், எலி மருந்து, பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புக்கும் வயலுக்கும் அடிக்கும் பூச்சி மருந்து ஆகிய எல்லாவற்றையும் பூட்டி வைத்துச் சாவியை ஒருவர் வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச மருந்தை வீட்டில் வைக்கவே வேண்டாம். விபரீத எண்ணம் உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமல் இருந்தாலே பல உயிர் பிழைக்கிறது.

மருத்துவ உதவிக்கு மஞ்சக்குப்பத்தில் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கின்றன. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை (அரசின் மனநல உதவி எண்) அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். சிகிச்சை என்றதும் மாத்திரைதான் என்று பயப்படாதீர்கள். பேசிப் பேசி, இறுக்கம் ஏறும்போது வேறு என்ன செய்யலாம் என்று பழக்குவதுதான் முதன்மைச் சிகிச்சை; அதற்கு வாரங்கள், மாதங்கள் ஆகும். மனச்சோர்வும் இருந்து மாத்திரை கொடுத்தால், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அந்தத் தொடக்க வாரங்களில் பிள்ளையை நெருக்கமாகக் கவனியுங்கள். தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நடுவில் மறுபடி ஒரு முறை காயப்படுத்திக்கொண்டால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை.

'போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ' என்று ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 115-இன்படி, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கவும் அதே சட்டம் சொல்கிறது.

பள்ளி என்ன செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதற்காக எந்தப் பிள்ளைக்கும் டிசி கொடுக்க மாட்டோம், வகுப்பில் பேர் சொல்ல மாட்டோம். தழும்பை மறைக்க முழுக்கைச் சட்டை வேண்டுமென்றால் சீருடை விதியில் விலக்கு உண்டு, காரணத்தை வகுப்பாசிரியருக்குக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை தானே தேர்ந்தெடுக்கும் ஓர் ஆசிரியரிடம், வகுப்பு நடுவில் எழுந்து போக அனுமதி உண்டு. தோழியைப் பற்றி ஆசிரியரிடம் வந்து சொல்லும் பிள்ளையைக் 'கோள் சொல்லி' என்று வீட்டிலும் யாரும் திட்டாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் பிள்ளை வேண்டாம் என்றாலும் உங்களுக்குச் சொல்லுவோம்; அதை முன்கூட்டியே பிள்ளையிடமும் சொல்லிவிடுவோம்.

என்னைப் பார்க்க வேண்டுமென்றால் பள்ளி நாள்களில் மாலை 4.30-க்கு மேல் நேராக என் அறைக்கு வரலாம். வாசலில் காரணம் கேட்க மாட்டார்கள், 'எச்.எம்.-ஐப் பார்க்கணும்' என்றால் போதும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மட்டும் தயவுசெய்து எதுவும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
கடலூர்