களத்துக்குப் போய்க் கேள், பாப்பா

அபாயின், ஸ்காட்லாந்து,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நீ போனை வைத்த பிறகு வெகுநேரம் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தேன். "அப்பா, நானும் கேபர் தூக்கப் போறேன்" என்று, ஹைலேண்ட் விளையாட்டுகளில் தூக்கி எறிகிற அந்த நீள மரத்தடியைப் பற்றி நீ சொன்னது, சின்ன வயதில் பெரிய சைக்கிள்தான் வேண்டும் என்று நின்ற மாதிரியே இருந்தது. அம்மாவுக்குக் கொஞ்சம் பயம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அபாயின் மைதானத்துப் புல்லில் உருண்டு வளர்ந்த பிள்ளை நீ. இங்கே இருந்தவரை ஒரு கல்லைக்கூடத் தொட்டதில்லை, ஒட்டாவாவுக்குப் போன பிறகு தேடி வருகிறாய். சரி, எப்போது வந்தால் என்ன!

போனில் ஒன்றைச் சொல்ல வந்து சொல்லாமல் விட்டுவிட்டேன். அதற்குத்தான் இந்தக் கடிதம். ஒரு வருஷம் யாருக்கும் தெரியாமல் வீடியோ பார்த்துத் தனியாகப் பழகிவிட்டு, எல்லாம் சரியாக வந்த பிறகு போட்டிக்குப் போகிறேன் என்றாயே, அது வேண்டாம். எதுவும் தெரியாதவளாகவே இந்த மாதமே போ. நீச்சலையும் கார் ஓட்டுவதையும்கூட, தப்பு செய்வதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஒளிந்து ஒளிந்து கற்றவள் நீ. அந்தக் குணம் உனக்கு என்னிடமிருந்துதான் வந்தது. அதனால் எனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு 41 வயது. மதுரையில் காலேஜில் படிக்கும்போது இரும்புக் குண்டு எறிதல் போட்டியில் கலந்துகொண்டவன் என்ற நம்பிக்கையில், பக்கத்து ஊர் விளையாட்டு விழாவில் உள்ளூர்க்காரர்களுக்கான கல் எறிதலில் இறங்கலாம் என்று முடிவு செய்தேன். டீ ஆற்றங்கரையிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி வந்து, பின்பக்கத் தோட்டத்தில் நான்கு மாதம் பழகினேன். யாரிடமும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு சாயங்காலம், கல் கையை விட்டுப் போகும் நேரத்தில் நடுவிரலும் மணிக்கட்டும் பின்னால் மடங்கிவிட்டன. ஆறு வாரம் கட்டு. சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிட்டேன். விழாவன்று வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன்.

அடுத்த வருஷம் வெட்கத்தை விட்டுவிட்டுக் களத்துக்கே போனேன். பழகும் நேரத்தில் நான் எறிந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், ஸ்ட்ராத்டான் பக்கத்துக்காரர், மெதுவாக வந்து என் கையைப் பிடித்துத் திருப்பினார். கல்லை விரல் நுனியிலிருந்து எடுத்து, விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மேட்டில் உட்கார வைத்தார். "குண்டை அப்படிப் பிடிக்கலாம், இது கல்" என்றார். அவ்வளவுதான், இரண்டு நிமிஷம். நான்கு மாதம் தனியாகப் பழகியும் என் கண்ணில் படாதது, பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு ஒரே எறியில் தெரிந்துவிட்டது. அவரும் அன்று போட்டியாளர்தான். வெற்றி பெற்றது அவர்.

அப்புறம் பன்னிரண்டு வருஷம் நான் களத்தில் அளவு நாடா பிடித்தது உனக்கு நினைவிருக்கும். கல் விழுந்த குழியின் இந்தப் பக்கத்து விளிம்பில் ஊசியைக் குத்தி, அங்கிருந்து கால்கட்டைக்கு நாடா இழுப்பேன். ட்ரிக் என்று சொல்வார்களே, எறிகிறவர் காலைத் தாண்டி வைக்கக் கூடாத அந்தக் கட்டை. அவ்வளவு பக்கத்தில் நின்றதால் பல விஷயங்கள் தெரிய வந்தன. ஒரு மழை நாளில், முதல் தடவை வந்த பையன் ஒருவன் சாதாரண ஃபுட்பால் பூட்ஸோடு சம்மட்டி எறிய நின்றான். ஒவ்வொரு சுற்றுக்கும் கால் வழுக்குகிறது. அன்று முன்னணியில் இருந்த ஆள் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து தன் பூட்ஸைக் கழற்றி அவனிடம் நீட்டினார். முனையில் இரும்புத் தகடு நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த பூட்ஸ். ஒரு சைஸ் பெரிசு என்று இரண்டு ஜோடி சாக்ஸ் போட வைத்து, தகடு மண்ணில் இறங்கும்வரை எப்படி மிதிப்பது என்றும் காட்டினார். பையனுக்குக் கடைசி இடம்தான் கிடைத்தது, ஆனால் அதற்கு அடுத்த வாரமும் வந்தான். இப்படி நான் பார்த்தவை எத்தனையோ. கேட்டவரை விரட்டிய ஒரு ஆளைக்கூட நான் பார்த்ததில்லை.

கனடாவில் உனக்கு இடமா இல்லை? ஒட்டாவாவிலிருந்து மாக்ஸ்வில் கிழக்கே ஒரு மணி நேரம்கூட ஆகாது. கிளென்கேரி ஹைலேண்ட் விளையாட்டுகள் அங்கே 1948 முதல் நடக்கின்றன. முதல் வருஷம் பிரதமர் மெக்கன்ஸி கிங் வந்து தொடங்கி வைத்தார். ஃபெர்கஸிலும் ஆகஸ்டில் உண்டு. இந்தக் கோடையில் போட்டியிட வேண்டும் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால், அந்தப் பக்கம் வீரர்கள் எங்கே கூடிப் பழகுகிறார்கள் என்று விசாரித்துப் போ. பெண்களுக்கும் புதியவர்களுக்கும் தனிப் பிரிவு வைக்கும் இடங்கள் நிறைய. எடைக்குண்டு, சம்மட்டி எதையும் நீ வாங்க வேண்டாம். அங்கே இருப்பதையே கொடுப்பார்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டாய். கல்லிலிருந்து. பிரேமார் கல் என்பது நின்ற இடத்திலிருந்தே எறிவது, ஓட்டம் கிடையாது. பெண்களுக்கு 13 முதல் 18 பவுண்டு வரை இருக்கும், அதாவது ஆறு முதல் எட்டு கிலோ. ஓடியோ சுழன்றோ எறியலாம் என்ற இன்னொரு வகையில் கல் அதைவிட லேசு. முதலில் நின்று எறியப் பழகு. பலம் காலிலிருந்து இடுப்புக்கு வந்து, கடைசியில்தான் கைக்கு வர வேண்டும் என்பதை உடம்புக்குச் சொல்லிக் கொடுப்பது அதுதான்.

கல்லில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இரும்புக் குண்டு எங்கே போனாலும் ஒரே உருண்டை. கல் அப்படி இல்லை, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கல். இருபது வருஷம் எறிந்தவர்கூடப் புது ஊருக்குப் போனால், அந்தக் கல்லைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், தேங்காய் வாங்குகிறவர் மாதிரி. நடுவிரலுக்கு எங்கே பள்ளம் இருக்கிறது, கட்டைவிரலை எங்கே சாய்ப்பது என்று தடவித் தேடுவார். ஈரமாக இருந்தால், கட்டியிருக்கும் கில்ட் பாவாடையிலேயே துடைப்பார். அந்த ஒரு நிமிஷம் அவரும் உன்னைப் போல் புதியவர்தான். போய் அவர் பக்கத்தில் நின்று பார்.

அப்புறம் சம்மட்டி. உனக்கு 12 பவுண்டும் 16 பவுண்டும். ஒலிம்பிக்கில் பார்க்கிற கம்பிச் சம்மட்டி இல்லை இது. நீளக் கைப்பிடியின் முனையில் உலோக உருண்டை, கொல்லன் பட்டறைச் சம்மட்டியின் வம்சம். கால் நகராது. எறியும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று, தலையைச் சுற்றி வீசிச் சுழற்றி, தோளுக்கு மேல் பின்னால் விட வேண்டும். பழகும்போது சுற்றிலும் யார் நிற்கிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துவிட்டுத்தான் கையில் எடுக்க வேண்டும். அடுத்தவர் எறியும்போது நீ அவருக்கு நேர் எதிரில் இருக்காதே, முதுகைக் காட்டிக்கொண்டும் நிற்காதே.

எடைக்குண்டு இரண்டு விதம், தூரத்துக்கும் உயரத்துக்கும். இரண்டும் ஒற்றைக் கையால்தான். தூரத்துக்கு உனக்கு 14 பவுண்டும் 28 பவுண்டும், ஆண்களுக்கு 28-உம் 56-உம். 56 என்பது ஹண்ட்ரட்வெயிட் என்ற பழைய நிறுத்தல் அளவில் பாதி, தானியம் நிறுத்த எடைக்கல். அந்தக் காலத்துப் பண்ணையாட்கள் கையில் கிடைத்ததையே எறிந்து பார்த்திருக்கிறார்கள். உயரத்துக்கு எறிவதில்தான் அம்மாவின் பயம் நியாயம். குறுக்குக் கம்பிக்கு முதுகைக் காட்டி நின்று, கால்களுக்கு நடுவே வீசித் தலைக்கு மேலே விடுகிறாய். 28 பவுண்டு இரும்பு நேரே மேலே போய் நேரே கீழே வரும். விட்ட உடனே விலகு. கம்பியைத் தாண்டியதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்காதே. தாண்டியதை மற்றவர்கள் சொல்வார்கள்.

கேபருக்கு வருகிறேன், உன் மனசு அங்கேதான் இருக்கிறது. கேபருக்கு நிலையான அளவு கிடையாது. பெரிய களங்களில் ஆறு மீட்டர் நீளம் வரை, எழுபது எண்பது கிலோ வரை இருக்கும். புதியவர்களுக்குச் சின்னது தருவார்கள். மெல்லிய முனை கீழே இருக்கும்படி இரண்டு மூன்று பேர் நிமிர்த்திப் பிடித்துக் கொடுப்பார்கள். நீ குனிந்து, தோளை மரத்தில் சாய்த்து, விரல்களைக் கோத்து அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும். தூக்கியதும் உச்சி ஆடும். அப்போது பதறி ஓடினால், மரம்தான் உன்னை இழுத்துக்கொண்டு போகும். மூச்சை விட்டு, அது அடங்கும்வரை நில். அப்புறம் ஓட்டம். சட்டென்று நின்று, கைகளை மேலே இழுத்து விடு. கனமான முனை தரையில் குத்தி, மரம் எழுந்து அந்தப் பக்கம் விழ வேண்டும்.

இதில் தூரம் கணக்கே இல்லை. ஓடிய திசையில் நேராக, கடிகாரத்தின் 12 மணி முள் மாதிரி விழுந்தால் முழுமை. 11, 1 என்று விலக விலக மதிப்புக் குறையும். நீ எவ்வளவு பலசாலி என்பதைவிட எவ்வளவு நேராக விட்டாய் என்பதைத்தான் நடுவர் பார்க்கிறார். ஜிம்மில் நீ தூக்கும் 100 கிலோ உன்னைக் கேபருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். நிலைதடுமாறினால் பிடித்து வைத்துப் போராடாதே. விட்டுவிட்டு ஒதுங்கு. நல்ல வீரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். கழுத்தோரம் தோல் உரியும், மறுநாள் முன்கையெல்லாம் கன்றிப்போகும். அதைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பாதே, எனக்கு அனுப்பு.

போன வாரம் பொட்டார்க் பாலம் பக்கம் போனேன். டின்னி கற்கள் அங்கேதான் இருக்கின்றன, இரும்பு வளையம் மாட்டிய இரண்டு பாறைகள், சேர்ந்து 332 கிலோ. நம் ஊர் மந்தையில் கிடக்கும் இளவட்டக்கல்லை உனக்குக் காட்டியிருக்கிறேன். முதல் தடவை இவற்றைப் பார்த்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. 1860-ல் டொனால்ட் டின்னி இந்த இரண்டையும் சேர்த்துத் தூக்கிப் பாலத்தின் குறுக்கே நடந்தார். கடல் தாண்டி அமெரிக்கா வரை போய் எறிந்து ஜெயித்தவர். அவர் அப்பா ராபர்ட் கல்தச்சர், அவரும் பெரிய பலசாலி. டொனால்டும் கல் வேலை பார்த்தே வளர்ந்தார். அத்தனை பெரிய ஆளுக்கும் பக்கத்தில் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒருவர் இருந்திருக்கிறார். உனக்கு நான் பக்கத்தில் இல்லை, பாப்பா. இருந்தால் நாடாவைப் பிடித்துக்கொண்டு தினமும் வந்திருப்பேன். அதனால்தான் அங்கே இருப்பவர்களிடம் போ, போ என்று இத்தனை தடவை சொல்கிறேன்.

போய் வந்த இரவு எனக்குப் போன் செய். எத்தனை அடி எறிந்தாய் என்பதை அப்புறம் சொல்லலாம். யாரிடம் என்ன கேட்டாய், அவர் என்ன காட்டினார் என்பதை முதலில் சொல்.

நாளை ஒரு பார்சல் அனுப்புகிறேன். என் பழைய நாடா, கைக்கு மெக்னீசியம் கார்பனேட் பொடி, முழங்கால் வரை வரும் சாக்ஸ் இரண்டு ஜோடி. அப்புறம் கில்ட். அது இல்லாமல் களத்தில் இறங்க விடமாட்டார்கள், புதியவர்களையும்தான். பக்கத்து வீட்டுப் பாட்டி தன் பேத்தியுடையதைக் கொடுத்தார். உள்ளே ஷார்ட்ஸ் போட்டுக்கொள். அம்மா வார்ப்பூட்டை இரண்டு விரற்கடை உள்ளே தள்ளித் தைத்திருக்கிறாள். ஓரம் முழங்காலின் நடுவில் நிற்கிறதா என்று போட்டுப் பார்த்துச் சொல்.

அன்புடன்,
அப்பா